பஜ்ஜி எண்ணெயில் வழுக்கிய விரல்

(வேலந்தாவளம் மாட்டுச் சந்தையை ஒட்டிய அறிவுச்சுடர் வாசகசாலையின் எட்டாம் ஆண்டு விழாவில், 1974ஆம் ஆண்டு புரட்டாசி மாத மாலையொன்றில், மாட்டுத் தரகர் குப்பண்ணன் ஆற்றிய உரை)

அன்பால் வளைந்த செங்கோலும் ஆத்திரத்தால் நிமிர்ந்த மீசையுமாக இந்த அவைக்குத் தலைமை ஏற்று வீற்றிருக்கும் பெரியதோட்டத்துக் காளிச்சாமி அவர்களே! பாலக்காட்டிலிருந்து பஸ் மாறி, பாதி வழி நின்றபடியே வந்து, நாற்பது நிமிடம் நல்ல மலையாளத்தில் பேசி, நாங்கள் எல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டியதைக் கண்டு மகிழ்ந்து அமர்ந்திருக்கும் சுகாதார ஆய்வாளர் அவர்களே! பல் போன பின்னும் பஜ்ஜியை விடாமல், டீயில் நனைத்துத் தின்னும் தந்திரத்தைக் கண்டுபிடித்த முன்வரிசைப் பெரியோர்களே! இடப்பக்கம் பாயில் அமர்ந்து ஒரு கண்ணை மேடை மீதும் மறு கண்ணை வீட்டுக்காரர் மீதும் வைத்திருக்கும் தாய்மார்களே! கூட்டத்தின் கடைசியில், காகிதப் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி நிற்கும் அருமைத் தம்பிமார்களே! மறைக்க வேண்டாம் தம்பிகளே. நீங்கள் வந்து சேர்வதற்கு முன்பே வாசனை மேடைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அதோ, புளியமரத்தடியில் அசைபோட்டுக்கொண்டிருக்கும் வாயில்லா ஜீவன்களே! இந்தக் கூட்டத்தில் வயிற்றுக் கோளாறு இல்லாதவர்கள் நீங்கள் மட்டும்தான். உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

இன்னும் ஒருத்தி பாக்கி இருக்கிறாள். விழா நோட்டீஸில் பெயர் இல்லாதவள். ஆனால் இன்றைய தீர்மானத்தில் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நிறைந்திருப்பவள். வாசகசாலைச் சுவர் ஓரம், அடுப்புக்குப் பின்னால், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கிறாளே, பலகாரக்கடை மருதாத்தாள்! உனக்கும் வணக்கம் அம்மிணி.

என்ன நாச்சிமுத்து, சிரிக்கிறாய்? மாட்டுத் தரகனுக்கு எங்கிருந்து வந்தது இத்தனை செந்தமிழ் என்றா? அட, முப்பது வருசமாக நொண்டி மாட்டை நடனமாடும் மாடு என்றும், கிழட்டு மாட்டை அனுபவம் முதிர்ந்த மாடு என்றும் புகழ்ந்து பழகிய நாக்கு இது. மாட்டைப் புகழ்ந்த நாக்குக்கு மனிதர்களைப் புகழ்வதா பெரிய காரியம்? கொம்பு மட்டும்தான் வித்தியாசம். சிலரிடம் அந்த வித்தியாசமும் இல்லை.

பெருமக்களே! எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, "தீய தின்பண்டம் தவிர்ப்போம், தூய தின்பண்டம் தேர்வோம்." தலைப்பைப் பார்த்ததும் எனக்கே மயக்கம் வந்தது. யாரைப் பார்த்து யார் பேசச் சொல்கிறார்கள்? சந்தை நாளில் காலையில் மூன்று பஜ்ஜி, பதினொரு மணிக்கு இரண்டு போண்டா, பேரம் முடிந்தால் நான்கு பஜ்ஜி, பேரம் முறிந்தால் அந்த வருத்தத்தில் ஐந்து பஜ்ஜி என்று வாழ்ந்த இந்தக் குப்பண்ணனையா? பூனையைக் கூப்பிட்டுப் பாலைப் பற்றிப் பேசச் சொன்ன கதையாக அல்லவா இருக்கிறது!

கமிட்டியில் கேட்டேன். தலைவர் சொன்னார், "குப்பா, போன ஆவணியில சந்தையில சுருண்டு உழுந்தவன் நீதானப்பா. உழுந்தவன் பேசுனாத்தான் சனம் கேக்கும். நீ பேசி முடி, அப்புறமேட்டு நான் தீர்மானத்தப் படிக்கறேன்."

அந்தத் தீர்மானம் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். வாசகசாலைச் சுவரை ஒட்டி ஏழு வருசமாக நடக்கும் மருதாத்தாளின் கடை பொதுச் சுகாதாரத்துக்குக் கேடு. ஆகவே நாளைக் காலையிலிருந்து அது அங்கே இருக்கக் கூடாது. மலையாளத்தில் பிரமேயம் என்கிறார்கள், தமிழில் தீர்மானம் என்கிறோம், மருதாத்தாளுக்கு எந்த மொழியில் சொன்னாலும் அடுப்பு அணைகிறது. கடையின் படுதாவைச் சுவர் ஆணியில் இழுத்துக் கட்டியிருந்த கயிற்றைக்கூடக் காலையிலேயே அவிழ்த்துவிட்டார்கள். இதோ, மேசை மேல் பூமாலைக்குப் பக்கத்தில் சுருட்டி வைத்திருக்கிறது. தலைவருக்குப் போட்ட மாலை எது, மருதாத்தாள் கயிறு எது என்று எனக்கே கொஞ்ச நேரம் குழப்பம்.

ஆய்வாளர் அவர்கள் அருமையாகப் பேசினார்கள். புரதம் என்றார்கள், நார் என்றார்கள், கொழுப்பு என்றார்கள். கொழுப்பு என்றபோது தாய்மார்கள் எல்லோரும் ஏன் அவரவர் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள் என்பதுதான் விளங்கவில்லை. நான் படிக்காதவன். எனக்குத் தெரிந்த ஒரே சாத்திரம் மாட்டுச் சாத்திரம். அதை வைத்துப் பேசுகிறேன்.

மாடு வாங்க வருகிறவன் என்ன செய்கிறான்? வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கிறான். கண்ணைப் பார்க்கிறான். சுழி பார்க்கிறான். நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்க்கிறான். சாணத்தைக்கூட விடாமல் பார்க்கிறான்! பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்கிறான்: "ஏனுங்க, தீனி என்ன போடறீங்க?" சொல்லுங்கள், உங்களில் எவராவது எவனையாவது பார்த்து "ஏனப்பா, உனக்குத் தீனி என்ன?" என்று கேட்டதுண்டா? மாட்டுக்குப் பார்க்கிறோம், மகனுக்குப் பார்த்தோமா? எருதுக்குப் பார்க்கிறோம், நமக்குப் பார்த்தோமா?

நம் மண்ணில் விளைவது என்ன? கடலைக்காய்! செம்மண்ணில் செடியைப் பிடுங்கினால் கொத்துக் கொத்தாகத் தொங்கும் கடலைக்காய். அதை என்ன செய்கிறோம்? மூட்டை கட்டிச் செக்குக்கு அனுப்புகிறோம். செக்கு அதை இரண்டாகப் பிரிக்கிறது. சத்தெல்லாம் புண்ணாக்கு. மிச்சம் எண்ணெய். புண்ணாக்கு யாருக்கு? மாட்டுக்கு! எண்ணெய் யாருக்கு? நமக்கு! அதிலும் வெறும் எண்ணெயா? திங்கள்கிழமை ஊற்றி, வியாழக்கிழமை வரை கொதித்து, கறுத்து, தார் ரோடு போட எடுத்துக்கொண்டு போகலாம் என்கிற பதத்துக்கு வந்த எண்ணெய்! மாடு புண்ணாக்கைத் தின்று தேக்குமரமாக நிற்கிறது. அதன் கயிற்றைப் பிடித்திருப்பவன் அந்த மாட்டின் மேல் சாய்ந்துகொண்டு நிற்கிறான், நிற்க முடியாமல். சந்தைக்கு வந்த வெளியூர்க்காரன் ஒருத்தன் கேட்டான், "ஏனுங்க, இதுல விக்கறதுக்கு வந்தது எதுங்க?" என்று.

சிரியுங்கள். நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் நான் விழுந்த கதையைச் சொல்கிறேன்.

மாட்டுச் சந்தைப் பேரம் எப்படி நடக்கும் என்று தாய்மார்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். வாய் பேசாது. என் தோளில் கிடக்கிறதே இந்தத் துண்டு, இதை வாங்குகிறவன் கை மேல் போட்டு மூடுவேன். துண்டுக்குள் அவன் விரல்களைப் பிடிப்பேன். நாலு விரலைப் பிடித்தால் விலை நாலு, மூன்றைப் பிடித்தால் மூன்று. பக்கத்தில் நிற்கிறவன் பெற்ற தகப்பனாகவே இருந்தாலும் தெரியாது. அவனுக்குச் சம்மதமானால் என் கையை அழுத்துவான். உடனே மாட்டின் கயிறு கைமாறும். கயிறு கைமாறிவிட்டால் அப்புறம் அரசாங்கமே வந்து சொன்னாலும் பேச்சு மாறாது. எழுத்து இல்லை, சாட்சி இல்லை. விரல்தான் வாக்கு. துண்டுதான் கோர்ட்டு.

போன மாசம், ஆவணிச் சந்தையில் நம் தலைவர் ஒரு காளையை என்னிடம் ஒப்படைத்தார். மயிலைக் காளை. பிறந்த நாளிலிருந்து அவர் கையால் தீனி வைத்து வளர்த்தது. அவர் தோட்டத்தில் இரண்டு கிணறு வற்றிப்போனதால் மனசில்லாமல் விற்க வந்தார். "குப்பா, நாலு விரலுக்குக் கொறஞ்சு உட்டுப்போடாதே. நாலுக்குப் போகலீன்னா ஓட்டிக்கிட்டு ஊட்டுக்கே போயர்றேன்" என்றார். சொல்லும்போது காளையின் திமிலைத் தடவிக்கொண்டே இருந்தார். இதை நான் கண்ணால் பார்த்தேன்.

சரி என்றேன். போகிற வழியில் மருதாத்தாள் கடை. வாழைக்காய் பஜ்ஜி அப்போதுதான் சட்டியிலிருந்து எழுந்திருக்கிறது! எப்படி எழுந்திருக்கிறது? பொன்னிறத்தில், புடைத்து, பூரித்து, புகை கமழ... அங்கே யாரோ எச்சில் விழுங்கிய சத்தம் எனக்கு மைக் இல்லாமலேயே கேட்கிறது. அன்றைக்கு நான் தின்றது ஒன்பது. ஒன்பதாவது பஜ்ஜி வாயில் இருக்கும்போதே பொள்ளாச்சிப் பக்கத்து வியாபாரி கூப்பிட்டுவிட்டான். ஓடினேன்.

துண்டைப் போட்டேன். உள்ளே கையை விட்டேன். அவன் நாலு விரலை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தேன். பிடித்தேன் என்றுதான் நினைத்தேன்! ஒன்பது பஜ்ஜியின் எண்ணெய் விரலெல்லாம் வழிகிறது. அவனுடைய சுண்டுவிரல் விலாங்கு மீனாக நழுவி வெளியே போய்விட்டது. மீதி மூன்றுதான் என் பிடியில். அவனுக்கு ஒரு கணம் நம்பிக்கை வரவில்லை. இத்தனை நல்ல காளை மூன்று விரலுக்கா? நான் கையை மாற்றிப் பிடிப்பதற்குள் என் கையை அழுத்து அழுத்தென்று அழுத்தினான். அதே மூச்சில் எட்டிக் கயிற்றைப் பிடுங்கினான். "தரகரே, விரலு வழுக்குச்சுங்க, ஆனா வாக்கு வழுக்கப்படாதுங்க" என்று சொல்லிக்கொண்டே காளையை ஓட்டிக்கொண்டு நடையைக் கட்டினான்.

காளை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. தலைவர் பார்க்கவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் விழுந்திருக்கமாட்டேன் என்று நினைக்கிறேன். நெஞ்சு எரிந்தது, கண் இருட்டியது, சாணத்தின் மேலேயே சுருண்டு விழுந்தேன்.

ஆசுபத்திரியில் கண் விழித்தால் டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். நாடி பார்க்கிறார். எனக்கு அது எங்கே தெரிகிறது? ஒருத்தன் கையைப் பிடித்தால் முப்பது வருசத்துப் பழக்கம் சும்மா இருக்குமா? தோளில் கிடந்த துண்டை எடுத்து டாக்டர் கை மேல் போட்டு மூடி, நாலு விரலைப் பிடித்துவிட்டேன்! "எந்தா இது?" என்று அவர் துள்ளினார். பக்கத்தில் நின்ற என் சம்சாரம் சுப்பாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ மாமா, அவரு டாக்டருங்க! மாடு வாங்க வரலீங்க!"

அப்புறம் அந்த டாக்டர் என்ன செய்தார் தெரியுமா? வாயைப் பிளக்கச் சொன்னார். கண்ணை இழுத்துப் பார்த்தார். நாலு எட்டு நடக்கச் சொன்னார். வெளிக்கு எப்படிப் போகிறது என்று கேட்டார். கடைசியில் கேட்டாரே ஒரு கேள்வி: "என்ன திங்கறே?" பெருமக்களே, அப்படியே மாட்டுச் சாத்திரம்! நான் காலமெல்லாம் மாட்டுக்குச் செய்ததை அவர் எனக்குச் செய்தார். செய்து முடித்துவிட்டு அவர் உதட்டைப் பிதுக்கிய விதத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. என்னைச் சந்தையில் கட்டினால் அரை விரலுக்குக்கூட எவனும் கேட்கமாட்டான்.

இதுவரை சொன்னது ஊருக்கெல்லாம் தெரிந்த கதை. இனிமேல் சொல்லப்போவது ஊருக்குத் தெரியாதது. தலைவருக்கும் தெரியாதது. தண்ணீர் கொஞ்சம் கொடப்பா.

மறுநாள் தலைவர் ஆசுபத்திரிக்கு வந்தார். கட்டில் ஓரம் உட்கார்ந்தார். "ஏப்பா குப்பா, முப்பது வருசத்துல வழுக்காத வெரலு, எப்படியப்பா வழுக்குச்சு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தாழ்ந்த குரலில் கேட்டார். அந்தக் குரலுக்கு முன்னால் "என் தப்புங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாய் என்ன சொன்னது தெரியுமா? "எல்லாம் அந்த மருதாத்தா எண்ணெய்தானுங்க. வேணும்னே பஜ்ஜிய எண்ணெய் வடிய உடாமத் தர்றாளுங்க. மொதல்ல அந்தக் கடையத் தூக்கோணுமுங்க" என்று சொன்னது. இந்த நாக்குதான் சொன்னது. மாட்டைப் புகழ்ந்த இதே நாக்கு.

தலைவர் எழுந்து போனார். அதுதான் விதை. அது முளைத்து, வளர்ந்து, சுகாதாரம் என்று பெயர் சூட்டிக்கொண்டு, தீர்மானமாகி, இன்று மேசை மேல் உட்கார்ந்திருக்கிறது.

நான் விட்டுவிட்டதைச் சொல்கிறேன், கேளுங்கள். அன்றைக்கு ஒன்பதாவது பஜ்ஜியோடு நான் ஓடியபோது பின்னாலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது. "குப்பண்ணா, கையத் தொடச்சுட்டுப் போங்கண்ணா! எண்ணெய் சொட்டுதுங்கண்ணா!" ஒரு வெள்ளைத் துணியை நீட்டிக்கொண்டு அடுப்பைவிட்டு நாலு எட்டு ஓடியும் வந்தாள் மருதாத்தாள். நான் என்ன செய்தேன்? "போ அம்மிணி, உனக்கென்ன தெரியும் பேரத்தப் பத்தி" என்று புறங்கையை வீசிவிட்டுப் போனேன்.

எண்ணெய் அவளுடையது. விரல் என்னுடையது.

பெருமக்களே, என் பாவம் அதோடு போகவில்லை. அதற்கு முந்தின ஆடியில் நடந்தது உங்களில் பாதிப்பேருக்கு நினைவிருக்கும், ஏனென்றால் நீங்களும் கூட நின்று சிரித்தீர்கள். இதே ஆய்வாளர் வந்து அவள் எண்ணெயைப் பார்த்துவிட்டு, "இதற்குப் பதில் வேகவைத்த பண்டம் போடேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் கேட்டாள். நம்மைப்போல் தலையாட்டிவிட்டு விடவில்லை, கேட்டாள்! மறு சந்தைக்கு ஒரு பெரிய சட்டி நிறையக் கடலைக்காய் வேகவைத்து வைத்தாள். பக்கத்தில் கொள்ளுச் சுண்டல். தட்டில் எள்ளுருண்டை, கருப்பட்டி போட்டுப் பிடித்தது. சோளப்பொரி. ஒரு பானை நீர்மோர், கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு. எவனாவது வாங்கினானா? ஒருத்தன் வாங்கவில்லை!

ஏன் வாங்கவில்லை? நம்மிடம் ஒரு வியாதி இருக்கிறது. டாக்டருக்குத் தெரியாத வியாதி. நம் தோட்டத்தில் விளைந்தது நமக்குப் பண்டம் ஆகாது. களத்துமேட்டில் தின்றால் தீனி. கடையில் காசு கொடுத்து, காகிதத்தில் பொட்டலமாக வாங்கினால்தான் பலகாரம். சந்தையில் பேரம் முடிந்தால் வாங்கினவன் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கித் தரவேண்டும், அது வழக்கம். பஜ்ஜி வாங்கித் தந்தவன் பெரிய மனுசன். மடியிலிருந்து கடலைக்காய் எடுத்துத் தின்றவன் கருமி. கௌரவம் எல்லாம் எண்ணெயில் மிதக்கிறது!

நான் அன்றைக்கு அவள் கடை முன்னால் நின்றுகொண்டு, சந்தையே கேட்கும்படி கத்தினேன்: "ஏனம்மிணி, மாட்டுத் தீனிய மனுசனுக்கு விக்கறயா? நாங்கென்ன கட்டுத்தறிக்கா வந்திருக்கறோம்?" சந்தை சிரித்தது. தலைவரும் சிரித்தார். சாட்சி நான். மூன்று சந்தை அவள் விடாமல் வைத்துப் பார்த்தாள். மூன்று சந்தையும் சட்டியைத் தூக்கி மாடுகளுக்குக் கொட்டினாள். மாடுகள் தின்றன. வாலை ஆட்டி நன்றி சொல்லிவிட்டுத் தின்றன. நாலாவது சந்தைக்கு எண்ணெய்ச் சட்டியை ஏற்றினாள். ஏற்றியது யார்? அவளா? நாம்! நான் ஏற்றினேன், நீங்கள் விறகு வைத்தீர்கள்.

என்ன தலைவரே, நெளிகிறீர்கள்? உட்காருங்கள், இன்னும் ஐந்து நிமிடம். ஆய்வாளர் அவர்களே, இந்தத் தீர்மானம் எழுதிய தாளைக் கொஞ்சம் வாங்கிப் பாருங்கள். வெயிலுக்கு எதிரே பிடியுங்கள். என்ன தெரிகிறது? அந்தப் பக்கத்துப் புளியமரம் தெரிகிறதா! ஏன் தெரிகிறது? நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை! தின்பண்டத்தை ஒழிக்கும் தீர்மானத்தைப் பஜ்ஜி தின்றுகொண்டே எழுதிய கமிட்டி இந்தப் பூலோகத்தில் எங்கள் கமிட்டி ஒன்றுதான். யார் கை என்று நான் சொல்லமாட்டேன். மேடை நாகரிகம். மீசையில் ஒட்டியிருக்கும் மாவை வேண்டுமானால் தலைவர் துடைத்துக்கொள்ளலாம்.

சிரித்தது போதும். இப்போது நான் சிரிக்கவில்லை.

இந்தக் கடை போய்விட்டால் பஜ்ஜி போய்விடுமா? சந்தையின் அந்தக் கோடியில் இன்னொருத்தன் சட்டி வைப்பான். அங்கே போய்த் தின்போம். அதே எண்ணெய், அதே விரல். போவது ஒருத்தி மட்டும்தான். புருசன் போன பிறகு இந்த ஒரு சுவரை நம்பி, இரண்டு பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் ஒருத்தி. பழி என்னுடையது, பசி அவளுடையதா? வழுக்கியது என் விரல், அணைவது அவள் அடுப்பா? இது எந்தச் சந்தைச் சட்டம்? இது எந்த ஊர் நியாயம்?

பண்டத்தை மாற்ற வேண்டும் என்றால் விற்கிறவளைத் துரத்த வேண்டியதில்லை. கேட்கிற வாயை மாற்ற வேண்டும்! "என்ன இருக்குது அம்மிணி?" என்று கேட்காதே. "கடலைக்காய் இருக்குதா? சுண்டல் இருக்குதா?" என்று கேள்! தை பிறந்தால் பனங்கிழங்கு கேள், கோடை வந்தால் நுங்கு கேள், வெள்ளரிப்பிஞ்சு கேள். பேரம் முடிந்தால் ஊரறிய ஒரு படி கடலைக்காய் வாங்கிக் கொடு! பஜ்ஜியே கூடாதா என்று கேட்கிறான் நாச்சிமுத்து. தீபாவளிக்கு ஒன்று தின்னடா, யார் வேண்டாம் என்றது? உன் வயிற்றுக்குத் தினம் தீபாவளி கொண்டாடாதே என்றுதான் சொல்கிறேன்.

நான் ஆசுபத்திரியிலிருந்து வந்து நாற்பது நாள் ஆகிறது. சுப்பாத்தாள் தினம் ஒரு கிண்ணம் வேகவைத்ததைக் கொடுக்கிறாள். முதல் வாரம் அழுதுகொண்டே தின்றேன். இரண்டாம் வாரம் திட்டிக்கொண்டே தின்றேன். இப்போது அவள் மறந்துவிட்டால் நான் அடுப்படிக்குப் போய் எட்டிப் பார்க்கிறேன். நெஞ்செரிச்சல் போய்விட்டது. மனசெரிச்சல்தான் பாக்கி. அதை இறக்கி வைக்கத்தான் இந்த மேடை ஏறினேன்.

தலைவர் அவர்களே, கையைக் கொடுங்கள். இல்லை, வணக்கத்துக்கு இல்லை. பேரத்துக்கு. இதோ துண்டு. இத்தனை பேர் முன்னால் உங்களை "ஆம்" என்றோ "இல்லை" என்றோ சொல்ல வைக்க எனக்கு இஷ்டமில்லை. நம் சந்தை முறைப்படியே போவோம். கடை இருக்கட்டும் என்றால் என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடியுங்கள். போகட்டும் என்றால் கையை உருவிக்கொள்ளுங்கள். இனி உங்களுக்கு எந்த மாடு பிடித்துத் தந்தாலும் நான் தரகு வாங்கமாட்டேன், அது வேறு. கையைக் கொடுங்கள்.

சபையோரே, சத்தம் போடாதீர்கள். பேரம் நடக்கிறது.

தலைவரே, விரல் கொஞ்சம் பிசுபிசுக்கிறதே? மேடைக்கு வருமுன் எங்கே போயிருந்தீர்கள்? சரி சரி, முறைக்க வேண்டாம்.

பெருமக்களே! முப்பது வருசத்தில் பேரத்தின் நடுவில் இந்தத் துண்டை நான் விலக்கியதில்லை. இன்றைக்கு விலக்குகிறேன். பாருங்கள். எண்ணிப் பாருங்கள். நாலு விரல். கட்டைவிரல் மட்டும் வெளியே நிற்கிறது.

எனக்குப் புரிகிறது தலைவரே. இது கடைக்கு நீங்கள் சொல்லும் விலை இல்லை. அன்றைக்கு அந்த வியாபாரியிடம் நான் பிடித்திருக்க வேண்டிய விலை. ஊர் அறியச் சொல்கிறேன். மயிலைக் காளை போனது என்னால். மருதாத்தாளால் இல்லை. ஆசுபத்திரிக் கட்டிலில் நான் உங்களிடம் சொன்னது பொய். என்னை மன்னித்துவிடுங்கள். மருதாத்தா, நீயும் மன்னித்துவிடு அம்மிணி.

பார்த்தீர்களா? பார்த்தீர்களா சபையோரே? கட்டைவிரலும் உள்ளே வந்துவிட்டது! ஐந்து! இத்தனை எண்ணெயிலும் வழுக்கவில்லை!

மருதாத்தா, மேடைக்கு வா. கயிற்றை வாங்கிக்கொள்.

என்ன? என்ன சொல்கிறாள்? "அடுப்புல சட்டி இருக்குதுங்கண்ணா, உட்டுட்டு வந்தாத் தண்ணி சுண்டி அடிப்பிடிச்சுரும்" என்கிறாள். எண்ணெய் எங்கேயாவது அடிப்பிடிக்குமா? என்ன இருக்கிறது சட்டியில்? மூடியைத் திற, பார்ப்போம்!

அடடா! நாளைக்குக் கடை இருக்காது என்று தெரிந்தும், பஜ்ஜிச் சட்டியை இறக்கிவிட்டுக் கடலைக்காயைத்தான் வேகவைத்திருக்கிறாள். மூன்று சட்டி மாட்டுக்குக் கொட்டியவள், நாலாவது சட்டி ஏற்றியிருக்கிறாள். நம்மைக் கேட்காமலேயே ஏற்றியிருக்கிறாள்.

தாய்மார்களே, இந்தக் கயிற்றை வாங்குங்கள். மேடையிலிருந்து உங்கள் கைக்கு. உங்களிடமிருந்து பின்னால். பின்னால், இன்னும் பின்னால். அப்படித்தான். கை கையாகப் போகட்டும். தம்பிகளா, பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டுப் பிடியுங்கள், கயிறு வழுக்கப் போகிறது! இதோ, போய்ச் சேர்ந்துவிட்டது. கட்டிக்கொள் மருதாத்தா, அதே ஆணியில் இறுக்கிக் கட்டிக்கொள். கயிறு கைமாறிவிட்டது. இனி அரசாங்கமே வந்து சொன்னாலும் பேச்சு மாறாது.

தலைமை தாங்கிய, தாங்கிக்கொண்ட காளிச்சாமி அவர்களுக்கும், சொன்னதைக் கேட்க ஒருத்தியாவது இந்த ஊரில் இருந்தாள் என்ற நிம்மதியோடு பஸ் ஏறப்போகும் ஆய்வாளர் அவர்களுக்கும், சிரித்த வாய்களுக்கும் சிவந்த கண்களுக்கும் என் நன்றி. கைதட்ட வேண்டாம். தட்டுகிற நேரத்தில் வரிசையில் நில்லுங்கள். பேரம் முடிந்தால் வாங்கித் தருவது வழக்கம். இன்றைக்கு எல்லோருக்கும் ஒரு கை கடலைக்காய், இந்தக் குப்பண்ணன் செலவு. முதல் கை தலைவருக்கு. இரண்டாவது கை, அதோ, நம்மைவிட முன்னாலேயே அதன் அருமை தெரிந்துகொண்ட புளியமரத்தடிப் பெரியவர்களுக்கு.

எல்லோருக்கும் வணக்கம். கையைத் துடைத்துக்கொண்டு வாருங்கள்.